மறுபடியும் அணைந்த ஹீட்டர்

...மறுபடியும் அணைந்துவிட்டது, சனியன், டப்பென்று பற்றுகிறது, நீலமாக எரிகிறது, சரி இந்த முறை நிற்கும் என்று குழாயடியில் கையை நீட்டினால், சூடு விரலுக்கு உறைக்கத் தொடங்கும்போதே பொசுக்கென்று அணைந்து பச்சைத் தண்ணீரைக் கொட்டுகிறது, என்னை என்ன கேனையன் என்று நினைத்ததா... கேஸ் சிலிண்டர் புதிது, பேட்டரி புதிது, ரெகுலேட்டரைக் கழற்றிப் பூட்டியாயிற்று, டியூபில் சோப்பு நுரை தடவியும் பார்த்தாயிற்று, இன்னும் என்னதான் வேண்டுமாம் இதற்கு? ஹீட்டர் விற்ற ஹட்டன் கடைக்காரனுக்குப் போன் போட்டால், "பாத்ரூம்ல ஜன்னல் இருக்குதானே அண்ணே?" என்கிறான், இருக்குடா, ஜன்னல் இல்லாமலா பாத்ரூம் கட்டுவார்கள்... நிலக்ஷி பிள்ளை பெற்று இன்றைக்குத்தான் நுவரெலியா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறாள், அவள் அண்ணன் ஆட்டோவில் கூட்டி வருகிறான், நானோ இங்கே இதோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறேன். விறகுப் புகை பட்டாலே அவளுக்கு மூச்சு இழுக்கும், பச்சை உடம்புக்காரியை வெந்நீருக்காக அந்தப் புகையில் உட்கார விடமாட்டேன் என்று அவள் அம்மாவிடம் எவ்வளவு வீறாப்பாகச் சொன்னேன், இப்போது அத்தை அடுப்படியிலிருந்து பார்க்கும் பார்வைக்கு ஏச்சே தேவலை. தலை வேறு விண்விண்ணென்று தெறிக்கிறது, காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, அதுதான். எரி, ஒரு வாளி நிறையும் வரைக்குமாவது எரி... குழாயைத் திரும்பவும் திறந்தேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு அத்தை வந்தார். "என்ன மாப்ள, மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு? இந்தப் பொந்துக்குள்ள எப்படித்தான் மூச்சு விடுறீங்க, மொதல்ல வெளிய வாங்க." வாசலில் குளிர்காற்று பட்டதும் கால் தள்ளாடியது, சுவரைப் பிடித்துக்கொண்டேன். "மிலாறு வெறகு எடுத்து வச்சிருக்கேன், அடுப்பு மூட்டவா?" என்று கேட்டார், நான் திரும்பிப் பார்த்தேன், உள்ளே ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது, கதவு திறந்தே கிடக்க எரிந்துகொண்டே இருந்தது, வாளி நிறைந்து ஆவி பறந்தது. நேற்று அந்த ஜன்னலில் உரச்சாக்கைத் திணித்து டேப் ஒட்டியது நான்தான், பனி நுழையக் கூடாது, பிள்ளைக்குக் குளிரக் கூடாது என்று ஊசி போகும் இடம்கூட விடாமல்... அப்படியென்றால் காற்று குறைந்துதான் அது அணைந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும், நான் திட்டத் திட்ட. அணையாமல் எரிந்திருந்தால்? தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உள்ளே அவளும் பிள்ளையும்... புகையாவது இருமவைக்கும், கண்ணைக் கரிக்கவைக்கும், அடைத்த அறையில் கேஸ் எரிந்து கக்கும் விஷக்காற்று வாசமும் இல்லாமல் சத்தமில்லாமல்... காலையிலிருந்து நான் எதற்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்?

போன் அடித்தது, நிலக்ஷி. "லிந்துலைக்கு வந்துட்டோங்க. ஹீட்டர் சரியாயிருச்சா? ஜன்னல நல்லா அடச்சிட்டீங்கதானே, புள்ளைக்குக் குளிருமில்ல?"

"அடச்சேன்" என்றேன். உள்ளே போய் ஜன்னல் டேப்பை உரிக்கத் தொடங்கினேன்.

அவள் சிரித்தாள், பிறகு பிள்ளையிடம் சொல்வது கேட்டது. "பாத்தியா, ஒங்கப்பா எல்லாத்தையும் பாத்துப் பாத்து செஞ்சு வச்சிருக்காரு."