நாடா வைத்த லினன்

"இறுக்காதை, பிள்ளை," என்றார் மரியநாயகம்.

நிறோஷினி அப்பாவின் இடுப்பு நாடாவைத் தளர்த்தி மறுபடி முடிந்தாள். ஈரல் நோயால் அவர் வயிறு நீர் கோத்து உயர்ந்திருந்தது. எலாஸ்டிக் வைத்த எதையும் அவரால் தாங்க முடியவில்லை. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து, டென்மார்க்கின் விபோர்க் நகரிலிருந்த வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள்.

ஒடென்சே நகரில் ஓர் அருங்காட்சியகத்துக்குப் பழங்கால உடுப்புகள் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. அதிலும் பழைய ஜெர்மானியரின் லினன் துணி உள்ளாடைகளில் அவளுக்குக் கை தேர்ந்திருந்தது. "இவ்வளவு படிச்சுப்போட்டு ஜேர்மன்காரன்ர கோவணம் தைக்கிறாள்," என்று அப்பா வீட்டில் புலம்புவார். மாதா கோயிலில் யாராவது கேட்டால், "மியூசியத்தில ஒஃபிஸ் வேலை," என்பார். அவளுக்கும் அது தெரியும்.

போன கிழமை அவரே கேட்டார். "உன்ர ஜேர்மன்காரன் வயிறு வீங்கினா என்னத்தைப் போட்டவன்?"

மெல்லிய லினனில், அந்தக் காலத்து மாதிரியிலேயே நாடா வைத்து, இரண்டு உள்காற்சட்டைகளைக் கையாலேயே தைத்துக்கொண்டு வந்தாள். அதில் ஒன்றின் நாடாவைத்தான் இப்போது முடிந்தாள்.

அன்று பின்னேரம் அந்தோனிதாசன் பார்க்க வந்தார். இறைச்சித் தொழிற்சாலையில் அப்பாவோடு வேலை செய்தவர். அம்மா யசிந்தா பதறிப்போய்ப் போர்வையை இழுத்தாள்.

"மூடாதை," என்று அப்பா அதைத் தள்ளிவிட்டார். "அந்தோனி, பார். ஐந்நூறு வருசத்துக்கு முந்தி ஜேர்மன்காரன் உள்ளுக்குப் போட்டது. மகள் தைச்சவள்."

"ஒஃபிஸ் வேலை எண்டெல்லோ சொன்னனீ?"

"பொய் சொன்னனான். இதுதான் அவளின்ர வேலை. தையலைப் பார், மெஷின் இல்லை."

அந்தோனிதாசன் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார். நிறோஷினி குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். எதையும் கழுவாமல் நின்றாள்.

பொழுது சாயுமுன் அப்பாவின் மூச்சு அடங்கியது.

அடக்கத்துக்காக அவருக்கு உடுத்தும்போது அம்மா கடையில் வாங்கிய புது உள்ளாடைப் பொதியை நீட்டினாள்.

"அது வேண்டாம் அம்மா," என்றாள் நிறோஷினி. தோய்த்து வைத்திருந்த மற்ற லினன் காற்சட்டையைப் போட்டு, முடிச்சைத் தளர்வாகவே முடிந்தாள். மேலே கோட் சூட்டின் காற்சட்டை வந்ததும் அது யாருக்கும் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து, கோயில் மண்டபத்தில் கோப்பி கொடுத்தார்கள். அந்தோனிதாசன் கோப்பையோடு அவளருகில் வந்து மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் கதைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, எனக்கும் இடுப்பில எலாஸ்டிக் ஒத்துக்கொள்ளுறேல்லை."

நிறோஷினி தன் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள்.

"கோட்டைத் திறவுங்கோ, மாமா."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பொத்தான்களைக் கழற்றி, இரண்டு கைகளையும் மெல்ல உயர்த்தினார்.