ஏழாம் கட்டில்

புண்ணின் கட்டைப் பிரித்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. ஏழாம் கட்டில் பெரியவரின் முதுகுப்புண்ணில் சீழ் பச்சையாகக் கசிந்துகொண்டிருந்தது. ஆயாவுக்குக் குமட்டியது.

மூன்று வருஷமாக இந்த முதியோர் இல்லத்தில் இந்தக் கட்டிலை ஜெபக்காதான் பார்த்தாள். போன மாதம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாள். "பீ நாத்தத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லுவா" என்று அவளைக் கேலி செய்தவர்களில் ஆயாவும் ஒருத்தி. ஜெபக்கா முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை. ஆண்டவர் அவளுக்கு மூக்கே வைக்கவில்லை என்றுதான் ஆயா நினைத்திருந்தாள்.

பாதி துடைப்பதற்குள் தொண்டைவரை வந்துவிட்டது. கழுவுமிடத்துக்கு ஓடி, குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தாள். இனி முடியாது, நர்ஸம்மாவிடம் வேறு கட்டில் கேட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டு மருந்துத் தட்டை எடுக்கத் திரும்பி வந்தாள்.

பெரியவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "அவளும் இப்படித்தாம்மா. தினம் குழாயைத் திறந்து விட்டுட்டு வாந்தி எடுப்பா."

"யாரு, ஜெபக்காவா?"

"எனக்குக் கேக்காதுன்னு நினைப்பு. அப்புறம் வந்து, 'முதுகு நல்லா ஆறிட்டு வருது ராசா'ன்னு கூசாம பொய் சொல்லுவா."

எடுத்த தட்டை ஆயா திரும்பக் கீழே வைத்தாள். மூன்று வருஷம், தினமும். தன் வாயிலிருந்து வந்த கேலிகளை நினைக்க, மறுபடி குமட்டியது.

"இன்னும் பாதி இருக்கு," என்றாள். "அசையாம படுங்க."

புதுப் பஞ்சை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தாள். நாற்றம் கொஞ்சமும் குறையவில்லை.