ஒரு மீனாவது

"முப்பது வருஷமா ஆத்துலயே கெடக்குற. ஒரு மீனாவது வீட்டுக்குக் கொண்டாந்திருக்கியா, கிழவா?"

கல்யாணமான புதிதிலிருந்தே நெலிதா இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எவரிஸ்தோ சிரித்து மழுப்பிவிடுவான். சிமெவின் ஆற்றுக்கு டிரவுட் மீன் பிடிக்க வருகிறவர்களுக்கு அவன் வழிகாட்டி. பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். அவனுக்கோ அது சட்டத்துக்கும் மேலே. வாடிக்கையாளர் யாராவது ஈரமில்லாத கையால் தொட்டு மீனின் மேல்வழுவழுப்பை உரித்துவிட்டால் போதும், வள்ளென்று விழுவான்.

இந்தத் தடவை அவள் கேலிக்குக் கேட்கவில்லை. வெறும் சூப்பைத் தவிர எதுவும் தொண்டையில் இறங்காமல் படுக்கையோடு படுக்கையாகக் கிடந்தாள். டாக்டர் கைவிரித்துவிட்டார்.

"வெண்ணெயில பூண்டு போட்டுப் பொரிச்சு, ஒரு வாய். போதும்."

"கொண்டாரேன்."

"சட்டம்?"

"சட்டம் கெடக்குது கழுதை."

மறுநாள் காலை அவளுடைய தங்கை டெல்பினாவைத் துணைக்கு வைத்துவிட்டுக் கிளம்பினான். மே மாதக் கடைசி; அந்தத் தென்கோடிப் பூமியில் குளிர்காலம் தொடங்கும் நேரம். கரையெல்லாம் முதல் பனி விழுந்திருந்தது. தூண்டில் கோலில் நரம்பு ஓடும் வளையங்களைப் பனிக்கட்டி அடைத்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றையும் வாயில் வைத்து உருக்கினான். இறகில் கட்டிய பொய்ப்பூச்சியை வீசி வீசித் தோள் கழன்றது. ஒரு மீனும் சீண்டவில்லை.

மதியத்துக்கு மேல், சாய்ந்த வில்லோ மரத்தடியில் ஒன்று கவ்வியது. நல்ல கனம். ஓடவிட்டு, இழுத்து, காலருகே கொண்டுவந்தான். கையை நனைத்துக்கொண்டான். முள்ளை மெல்லக் கழற்றினான். நீரோட்டத்துக்கு எதிராக அதன் முகத்தைத் திருப்பி, மூச்சு திரும்பும்வரை பிடித்திருந்து, விரல்களைத் திறந்தான். மீன் வாலை ஒரு சுழற்றுச் சுழற்றிப் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் எதற்கு வந்தோம் என்பது அவனுக்கு நினைவு வந்தது.

பாழாய்ப்போன கை! இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வாய்விட்டு அழுதான். இருட்டும்வரை வீசினான். வேறொன்றும் வரவில்லை.

வீட்டில் அவளிடம் பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னான். நெலிதா இருமலும் சிரிப்புமாகக் குலுங்கினாள்.

"உன் கையில சிக்கி வீடுவரைக்கும் வந்தவ நான் ஒருத்திதான், கிழவா. மீன் பெருசா?"

அவன் இரு கைகளையும் விரித்துக் காட்டினான்.

"புளுகாத."

"சத்தியமா, கிழவி. நாளைக்குக் கட்டாயம் கொண்டாரேன்."

"சரி. இப்ப என் கையப் பிடிச்சுக்க. குளுருது."

பிடித்துக்கொண்டான்.

விடிந்ததும் அடுப்பு மூட்ட வந்த டெல்பினா அக்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். எவரிஸ்தோ நிமிரவில்லை.

"அத்தான், விடுங்க. அக்கா போயிட்டா."

அவன் காதில் விழத்தான் செய்தது. விடத்தான் முடியவில்லை. டெல்பினா அழுதுகொண்டே அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.