ஆய்வேட்டில் ஏறிய பென்சில் குறிப்புகள்

இதைச் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று சந்தேகம். அன்று நானும் உட்கார்ந்திருந்த அரங்கில் நாற்காலிகள் முப்பதா நாற்பதா என்று கேட்டால் தடுமாறுவேன். பேசிய பேச்சு மட்டும் மாறியிருக்காது. அதை இட்டுக்கட்டும் திறமை எனக்கில்லை.

இயற்பியல் ஆசிரியை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் அவள் கணவனுக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. தற்காலப் பிரெஞ்சுத் தத்துவம் கவிதையிலும் அறிவியலிலும் எங்கெங்கே கால் ஊன்றுகிறது என்பது ஆய்வு. ஒன்பது வருட இழுவை. அன்று தேறினால் கல்லூரி வேலை நிரந்தரம். இல்லையென்றால் அந்த வருடத்தோடு வீட்டுக்கு.

நான்காம் இயலைப் பார்த்துத் தரச் சொல்லி அவன்தான் அவளிடம் கொடுத்தான். துகள் ஆசைப்படுகிறது, வெற்றிடம் கவிதை வாசிக்கிறது என்று அதில் எழுதியிருந்தான். அவள் ஓரத்தில் பென்சிலால் ‘யார் சொன்னது?’, ‘எந்தச் சோதனையில்?’, ‘இதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?’ என்று குறித்துத் திருப்பித் தந்தாள். தான் எழுதியதை மறுபடி படிக்கும் பொறுமை அவனுக்கே இல்லை. தாள் கட்டை அப்படியே தட்டச்சுக் கடையில் போட்டான். கடைக்காரர் தாளில் இருந்ததில் ஒன்றையும் விடவில்லை. அவள் கேள்விகள் தனித்தனிப் பத்திகளாக ஆய்வேட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. அவள் அதைப் பார்த்தது தேர்வு நாள் காலையில்தான்.

“தட்டச்சுல வந்த தப்புன்னு முதல்லயே சொல்லிடுங்க.”

“நீ சும்மா வந்து உக்காரு, போதும். யாரு படிக்கப் போறாங்க?”

வெளியூர்த் தேர்வாளர் படித்திருந்தார். “‘இதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?’” என்று உரக்க வாசித்து நிறுத்தினார்.

“பிரதி தன்னையே குறுக்கு விசாரணை பண்ணுது. பிரெஞ்சுக்காரங்களே இவ்வளவு தூரம் போகல. எப்படித் தோணுச்சு தம்பி?”

அவனுடைய ஆய்வு நெறியாளர் கழுத்து சுளுக்கும் அளவுக்குத் தலையாட்டினார். கணவன் கடைசி வரிசையைப் பார்த்தான். ‘என் மனைவி எழுதியது.’ அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அவள் காத்திருந்தாள். அவன் தேர்வாளர் பக்கம் திரும்பினான்.

“மௌனத்துலேருந்து வந்ததுங்க சார்.”

முன்வரிசையிலிருந்து கணிதத் துறைக்காரர் கேட்டார்: “அந்தக் கேள்விக்குப் பதில் எந்தப் பக்கத்துல இருக்கு?”

“பதில் இல்லாததுதான் சார் பதில்.”

“என் பசங்க இப்படி எழுதினா முட்டைதான் போடுவேன்.”

“கணக்கு வாத்தியாருங்களுக்கு இதெல்லாம் பிடிபடாது,” என்றார் தேர்வாளர். அரங்கு சிரித்தது. அவன் தேறினான்.

படியிறங்கும்போது அவள் கேட்டாள்: “வெற்றிடம் எப்படிங்க கவிதை வாசிக்கும்?”

“அதான் பாஸ் பண்ணிட்டேன்ல.”

அவன் இப்போது துறைத் தலைவர். தேர்வாளர் ஓய்வு பெற்றுவிட்டார். தட்டச்சுக்காரர் இரண்டாவது கடை திறந்திருக்கிறார். ஆசிரியை மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊர்ப் பள்ளியில் பாடம் நடத்துகிறாள். விடுமுறைக்கு வீட்டுக்கு வருகிறாள். அவன் எழுதுவது எதையும் வாசிப்பதில்லை.