யார் எழுதிய தீர்ப்பு

தீர்ப்பை எழுதியது அவள். கையெழுத்துப் போட்டது ஐயா.

ஐயா ஓய்வுபெற்ற நீதிபதி. வெவ்வேறு நாட்டு நிறுவனங்கள் மோதிக்கொள்ளும்போது, நீதிமன்றப் படியேறாமல், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒருவரை நடுவராக வைத்துத் தீர்த்துக்கொள்வது உண்டு. அப்படிப்பட்ட வழக்குகளில் ஐயாவுக்குப் பெரிய பேர். அவரிடம் ஒரு வருடம் செயலராக இருந்தால் வெளிநாட்டு வேலைக்குக் கதவு திறக்கும் என்று சட்டக் கல்லூரியில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். இருபத்தாறு வயதில் அவள் சேர்ந்த அன்று, அங்கே தட்டச்சு செய்பவர் தலையை நிமிர்த்தாமலே, "வா பொடிசு. கையெழுத்துக் கம்பெனிக்கு நல்வரவு" என்றார். அந்தக் கிண்டல் புரிய அவளுக்கு நாலு மாதம் பிடித்தது.

ஒரு மின் நிலையத்தில் மின்சாரம் எடுக்கச் சுழலும் டர்பைனின் தகடுகள் இரண்டே வருடத்தில் விரிசல் விட்டிருந்தன. இரும்பை உருக்கி அவற்றைச் செய்துகொடுத்த வார்ப்பாலை ஒழுங்காக வார்க்கவில்லை என்றது மின் நிலையம். கடலோரத்து உப்புக் காற்றில் பராமரிப்பில்லாமல் போட்டு வைத்தால் எந்தத் தகடுதான் தாங்கும் என்றது வார்ப்பாலை. நாற்பத்தொரு கோப்புகள். ஐந்து நாள் விசாரணை. மூன்றாம் நாள் வார்ப்பாலையின் உலோக நிபுணர் உடைந்த தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு குரல் நடுங்க விளக்கியபோது, ஐயா தன் குறிப்பேட்டில் பாய்மரப் படகு வரைந்துகொண்டிருந்தார். அருகில் உட்கார்ந்திருந்த அவளுக்கு அந்தப் படகு நன்றாகத் தெரிந்தது.

"நீயே ஒரு வரைவு போட்டுடும்மா. நான் பாத்துக்கறேன்" என்றார் ஐயா.

நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதினாள். எண்பத்தேழாம் பக்கத்துக்கு வந்ததும் பேனா நின்றது. குறை வார்ப்பிலா, காற்றிலா என்று முடிவு சொல்ல வேண்டிய இடம் அது. இரண்டு பத்திகள் எழுதி, ஒன்றில் வார்ப்பாலை ஜெயிக்கவும் மற்றதில் தோற்கவும் வைத்தாள். 'இதில் எது என்று ஐயா முடிவு செய்ய வேண்டும்' என்று ஓரத்தில் குறித்து அனுப்பினாள். பத்து நாள் கழித்து வரைவு திரும்பி வந்தது. தாளின் மடிப்புகூடக் கலையவில்லை.

தொலைபேசியில் கேட்டாள். பின்னணியில் விமான நிலைய அறிவிப்பு ஒலித்தது.

"உனக்கு எது சரின்னு படுதோ அத வைம்மா. உன்மேல எனக்கு நம்பிக்கை இருக்கு."

வெட்கக்கேடு என்னவென்றால், அன்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு நாள் யோசித்து, வார்ப்பாலை தோற்கும் பத்தியை வைத்தாள். ஐயா கையெழுத்திட்டார். அடுத்த மாதம் வார்ப்பாலை தன் இரண்டு உலைகளில் ஒன்றை அணைத்தது.

தோற்ற தரப்பின் வழக்கறிஞர் சும்மா இருக்கவில்லை. தீர்ப்பின் நடை ஐயாவின் பழைய தீர்ப்புகளைப் போல இல்லை என்று கண்டுபிடித்து, இதை எழுதியது யார் என்று கேட்டுக் கடிதம் போட்டார்.

மறுநாள் காலை ஐயா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று அவள் பெயரில் தட்டச்சு செய்தது: கோப்புகளை அடுக்கியதும் தேதிகளை நினைவூட்டியதும் தவிர வேறெதுவும் நான் செய்யவில்லை. இன்னொன்று, அவள் மூன்று முறை விண்ணப்பித்துக் கிடைக்காத வெளிநாட்டுப் பயிற்சி இடத்துக்கு ஐயா தரும் பரிந்துரை.

"நீ இதுல போடு, நான் அதுல போடறேன். ரெண்டு பேருக்கும் நிம்மதி."

அவளுக்குக் காது மடல் சுட்டது.

"ஐயா, எண்பத்தேழாம் பக்கத்துல என்ன இருக்கு?"

"என்னம்மா, எனக்கே பரீட்சை வைக்கிறியா?"

"படிச்சிருந்தா சொல்லுங்க."

ஐயாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. "இந்தத் தொழில் ரொம்பச் சின்ன ஊரு மாதிரி. ஒரு வீட்டுக் கதவச் சாத்தினா எல்லா வீட்டுலயும் சாத்திடுவாங்க. யோசிச்சுக்கோ."

"அவங்க உங்களத்தான் நம்பி வந்தாங்க. என்னை இல்ல. நான் தப்பா முடிவு பண்ணியிருந்தா?" குரல் உடைந்தது. அழுகை என்று அவர் நினைத்திருப்பார். அழுகை இல்லை.

இரண்டு தாளையும் தொடாமல் வெளியே வந்தாள். வீட்டில் அக்காவிடம் சொன்னாள். மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அக்கா, காலணியைக்கூடக் கழற்றாமல் நின்றபடி கேட்டாள்.

"ரத்தத்தப் பாக்காம நான் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டா அன்னைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்கடி. இவரு என்னடான்னா மேடை மேடையா ஏறிட்டிருக்காரு." பிறகு, "நீ மட்டும் என்னவாம்? வாயத் திறக்காமதானே எழுதிக் கொடுத்தே?" என்றாள்.

அது சுருக்கென்று தைத்தது. அன்று மாலையே நடந்ததை நடந்தபடி ஒரே பக்கத்தில் எழுதி இரு தரப்புக்கும் அனுப்பினாள். தன் பங்கையும் மறைக்கவில்லை.

ஏழு மாதத்தில் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வழக்கு புதிய நடுவரிடம் போனது. வார்ப்பாலையின் வழக்கறிஞர் அவளை வாயாரப் புகழ்ந்தார். வேலை கேட்டபோது மட்டும், "உங்க தைரியம் பிரமாதம். ஆனா எங்க கட்சிக்காரங்க கொஞ்சம் பயப்படுவாங்க" என்றார். ஆறு அலுவலகங்களில் அதே தைரியத்தைப் பாராட்டி அதே கதவைச் சாத்தினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் 'சர்வதேச நடுவர் வழக்குகளில் இளம் வழக்கறிஞர்களின் பாதை' என்றொரு கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது. சிறப்புப் பேச்சாளர் ஐயா. அழைப்பை இரண்டு முறை படித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு போனாள்.

"செயலர் பணிதான் முதல் படி. பணிவா இருங்க, கத்துக்கோங்க" என்று ஐயா பேசி முடித்தார். கேள்வி நேரத்தில் அவள் ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"செயலர் எழுதின தீர்ப்ப நடுவர் படிக்காம கையெழுத்துப் போட்டா, அதுல யாரு எதக் கத்துக்கறாங்க?"

ஐயா கண்ணாடியைத் துடைத்தார். "இளரத்தம்" என்றார். முன்வரிசை சிரித்தது. கைதட்டலும் கிளம்பியது.

வெளியே படிக்கட்டில் ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் அவள் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

"சரியாக் கேட்டீங்கக்கா. நானும் ரெண்டு தீர்ப்பு எழுதியிருக்கேன்" என்றான் அவன் கிசுகிசுப்பாக.

"அப்போ உள்ள ஏன் வாய மூடிட்டு உக்காந்திருந்தே?"

"அடுத்த மாசம் எனக்கு வேலை முடிவாகுதுக்கா."

"இங்க படிக்கட்டுல வந்து என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? என் முதுகுல தட்டிக் கொடுத்துட்டு அங்க போயி சலாம் போடுவியா?" படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. அவன் முகம் சுருங்கி விலகிப் போனான். அந்தப் பெண் மட்டும் நின்றாள்.

மறுவாரம் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு கடிதத்தின் நகல் வந்தது. இத்தகைய வழக்குகளை நடத்தித் தரும் நடுவர் மையத்துக்கு எழுதியது. தன் பெயர், எந்த வழக்கு, தான் எழுதிக் கொடுத்தது எந்தெந்தப் பக்கங்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. வருட முடிவுக்குள் இன்னும் நாலு பேர் எழுதினார்கள். தீர்ப்பில் எந்தப் பகுதியை யார் வரைந்தார்கள் என்று இரு தரப்புக்கும் தெரிவித்தாக வேண்டும் என மையம் விதி போட்டது. அறிவிப்பில் யார் பெயரும் இல்லை. ஐயாவுக்கு அதன் பிறகு வழக்குகள் குறைந்தன. மேடைகள் குறையவில்லை.

அவள் இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில், சேதமான சரக்குகளுக்கு வாதாடும் ஒரு சிறிய அலுவலகத்தில் இருக்கிறாள். சின்னச் சின்ன நடுவர் வழக்குகள் வருகின்றன. எதிர்த்தரப்பில் யாராவது பெரிய பெயர் கையெழுத்திட்ட தீர்ப்பைக் காட்டி மிரட்டினால், அவள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இத நீங்க படிச்சீங்களா?"

கோபம் தணிந்துவிட்டதா என்று அக்கா அவ்வப்போது விசாரிப்பாள்.

"எதுக்குத் தணியணும்?" என்பாள் அவள்.