அர்த்தம் சொல்வதற்கு முன்

கட்டிலுக்கடியில் கையை விட்டு இரண்டாம் முறையும் துழாவினார் செல்வநாதன். ஒரு காகிதக் கட்டுதான் அகப்பட்டது. மேலே மனைவி கிறிஸ்டினாவின் கையெழுத்தில் 'பின்' என்றிருந்தது. 'முன்' என்று எழுதிய மற்றக் கட்டைக் காணவில்லை.

மணி இரண்டே முக்கால். மூன்றரைக்குச் சாமியார் வருவார். நாலு மணிக்குக் கோயிலில் பூசை. கூடத்தில் கிறிஸ்டினாவை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துச் சவப்பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற செல்வநாதன், மனைவிக்கு நிமோனியா என்று சேர்த்த நாளிலிருந்து ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தே தூங்கியவர். குனிந்து நிமிர்ந்ததில் கண் இருட்டியது.

கதவோரம் சபீஹா நின்றாள். கிறிஸ்டினாவோடு திருவொற்றியூர் பள்ளியில் பத்து வருடமாகத் தமிழ் நடத்துபவள்.

"அவசரமில்லண்ணா. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

"திங்கக்கெழம கூட்டம்னியேம்மா."

"ஆமா, ஆனா இன்னிக்குப் போயி..."

"அவ கடைசியா பேசுனதே இத்தான். ரெண்டு கட்டையும் சபீஹா கையில குட்துடுங்கன்னா. சரின்னேன்."

ஆறு வருடமாக அந்தக் கட்டுகளின் சீட்டுகளைப் பிரித்து அடுக்கிக் கொடுத்தவர் அவர்தான். கிறிஸ்டினா ஏழாம் வகுப்பில் ஒரு பாட்டை இரண்டு முறை வாசிப்பாள். அர்த்தம் சொல்ல மாட்டாள். பிள்ளைகள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, மனதில் என்ன வந்ததோ அதைச் சீட்டில் எழுத வேண்டும். மார்க் கிடையாது, பிழை திருத்தமும் கிடையாது. அது 'முன்'. அடுத்த வாரம் பாடத்திட்டப்படி சொற்பொருள், கருத்து, நயம் எல்லாம் நடத்திவிட்டு, அதே பாட்டுக்கு மறுபடி எழுதச் சொல்லி மார்க் போடுவாள். அது 'பின்'.

ஒரு மழைப் பாட்டுக்கு ஒருத்தி, 'எங்க நைனா தார்ப்பாய் இழுக்குற சத்தம்' என்று எழுதியிருந்தாள். இன்னொருவன் 'பசி' என்று மட்டும். அடுத்த வாரம் அதே வகுப்பில் நாற்பத்தாறு பேரில் நாற்பத்து மூன்று பேர், 'இப்பாடலில் கவிஞர் இயற்கையின் சிறப்பை எடுத்துரைக்கிறார்' என்று எழுதினார்கள். அந்த இருவரும் உட்பட.

முதல் வருடம் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இப்போதுகூட முழுதாகப் பிடிபட்டது என்று சொல்ல முடியாது. "இதுல எது கரீட்டு?" என்று கேட்டிருக்கிறார்.

"கரீட்டு தேடாதீங்க. ஒரு வார்த்த உள்ள போனா புள்ள மனசு இன்னா பண்ணுதுன்னு பாருங்க. அது தெரியாம நாங்க எதத்தான் நடத்துறோம்? அர்த்தம் சொல்றது தப்புன்னு நான் சொல்லல. எப்ப சொல்றோம்னுதான் கேக்குறேன்."

தலைமையாசிரியர் அதை வெட்டி வேலை என்றார். இந்த வருடம்தான் ஆசிரியர் பயிற்சி நிலையத்தில் ஒருவர், திங்கட்கிழமைக் கூட்டத்துக்குச் சீட்டுகளைக் கொண்டு வாருங்கள், சரியாக இருந்தால் ஜூனிலிருந்து ஐந்து பள்ளியில் செய்து பார்க்கலாம் என்றிருந்தார்.

"இன்னாடா தேடிக்கினு கீற?" செல்வநாதனின் அக்கா சிலுவையம்மாள் மெழுகுவர்த்தி எடுக்க உள்ளே வந்தாள்.

"காயிதக் கட்டுக்கா. இதே மாதிரி இன்னொண்ணு."

"அதுவா? காலையில பாய்க்குக் குட்த்தேனே."

சவப்பெட்டி செய்கிற கலீலுல்லா பாய், பெட்டித் தலையணைக்குள் அடைக்கும் மர இழைப்புச் சுருள் மழையில் நனைந்துவிட்டதென்று பழைய காகிதம் கேட்டிருக்கிறார். அக்கா இரண்டு கட்டையும் பிரித்துப் பார்த்திருக்கிறாள்.

"ஒண்ணு அழகா எழுதி மார்க்கெல்லாம் போட்டு கீது. அத்த நான் தொடல. இன்னொண்ணு ஒரே தப்பும் தவறுமா, செவப்பு மையே படாம. பாஸாவாத புள்ளைங்க பேப்பர் போலன்னு..." தம்பியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "ஏன்டா?"

அவர் சபீஹாவிடம் திரும்பினார். "இத்த மட்டும் கொண்ட்டு போனா?"

"நல்ல டீச்சர்னு சொல்லி டீ குடுத்து அனுப்பிடுவாங்கண்ணா. ரெண்டையும் பக்கத்துல வெச்சாத்தான் வித்தியாசம் தெரியும்."

செல்வநாதன் கூடத்துக்குப் போனார். பெட்டியருகே நின்றார். கிறிஸ்டினாவுக்குக் கல்யாணப் புடவை கட்டி, கையில் சிலுவை கோத்திருந்தார்கள். தலைக்குக் கீழே வெள்ளைத் துணித் தலையணை. ஈரக் கூந்தல் பட்டு அதன் ஓரம் பழுப்பாகியிருந்தது. மூன்று அருள்நிறை மந்திரம் முடியும் வரை அந்த ஓரத்தையே பார்த்தார். பிறகு சொன்னார்.

"தலையத் தூக்கணும்."

ஜெபம் நின்றது.

"இன்னா பேசுற நீ?" சிலுவையம்மாள் பின்னாலேயே வந்திருந்தாள். "குளிப்பாட்டி, பூ வெச்சி, எல்லாம் முட்ஞ்சி போச்சி. இனிமே அவளப் போட்டு அசைக்கவா சொல்ற?"

"அவ வேல உள்ள கீதுக்கா."

கையிலிருந்த 'பின்' கட்டைத் தூக்கிக் காட்டினார். வெளியே ஆணி டப்பாவோடு உட்கார்ந்திருந்த கலீலுல்லா எழுந்து வந்து, பெட்டியையும் செல்வநாதன் கையிலிருந்த கட்டையும் பார்த்தார்.

"இதுக்குப் பதிலா அத்த உள்ள வெச்சிக்கலாமே நைனா. அதே கனம்தான்."

"வேணாம் பாய். ரெண்டும் வேணும்."

கலீலுல்லா கத்தரிக்கோலை எடுத்தார். செல்வநாதன் கையை நீட்டினார், அது பாதியில் நின்றுவிட்டது. எழுபது அடி உயரத்தில் கன்டெய்னரைத் தூக்கி இறக்குகிற கை. சிலுவையம்மாள் அவரைத் தோளால் ஒதுக்கிவிட்டு, தன் இரண்டு கையையும் கிறிஸ்டினாவின் கழுத்துக்கடியில் கொடுத்தாள்.

"சீக்கிரம் உருவுங்க பாய்," என்றாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தலையணைக்குள் கிறிஸ்டினாவின் பருத்திப் புடவைகள் இரண்டை மடித்து வைத்தார்கள். சாமியார் வந்தபோது ஜெபமாலையின் ஐந்து தேவ இரகசியங்களில் நான்காவது நடந்துகொண்டிருந்தது.

கல்லறையிலிருந்து திரும்பும்போது மணி ஆறு. கூடத்தைக் கழுவித் துடைத்திருந்தார்கள். தரை காய்ந்ததும் செல்வநாதன் உட்கார்ந்து சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பரப்பினார். இந்த வருடத்துச் சீட்டுகள், மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. பென்சிலால் எழுதியவை தப்பித்திருந்தன. மைப் பேனாவால் எழுதியவை கலங்கியிருந்தன. முப்பது முப்பத்தைந்து தேறாது போலிருந்தது. ஒட்டியவற்றை சபீஹா ஊதி ஊதிப் பிரித்தாள். கூடம் நிறைந்து சமையலறை வாசல்வரை போயிற்று.

துக்கம் கேட்க மூன்றாம் மாடியிலிருந்து நான்கு பேர் இறங்கி வந்தார்கள். கால் வைக்க இடமில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னா சிலுவ இது? உள்ள வரலாமா?"

"வோணாம். படியிலயே குந்துங்க."

அவர்கள் படியில் உட்கார்ந்தார்கள். பிறகு வந்தவர்கள் அவர்களுக்கு மேல் படியில் உட்கார்ந்தார்கள். யாரோ, "இன்னா புழுக்கம், ஃபேன போடக்கூடாதா?" என்றார்கள். சிலுவையம்மாள் சீட்டுகளை மிதிக்காமல் சுவரோரமாகவே நடந்து போய், யாரும் போட்டுவிடாதபடி சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.