லிகாயாவில் நடுக்கோட்டில் உட்கார்ந்த மணப்பெண்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறக்கவில்லை. ஆண்டுவிழா மலருக்கு எங்கள் ஊரைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். உட்கார்ந்தேன்.

'மணிலாவை அடுத்த சிறுநகரமான லிகாயா, அமைதிக்கும் ஒழுங்குக்கும்...'

ஒழுங்காம், மண்ணாங்கட்டி! அடித்துவிட்டேன்.

2

ஊருக்கு ஒரே ஒரு கூரைபோட்ட கூடைப்பந்து மைதானம். கல்யாணம், துக்கம், தடுப்பூசி எல்லாம் அங்கேதான். அதை ஒதுக்கித் தரும் வட்டாரத் தலைவி எர்மீனியாவுக்கு 'முடியாது' என்ற சொல் வாயில் வராது. ஒரே சனிக்கிழமை மாலையை ரொசெல் என்ற பெண்ணின் கல்யாண விருந்துக்கும் கொடுத்தார், மீன் தெருவுக்கும் ரொட்டித் தெருவுக்குமான இறுதியாட்டத்துக்கும் கொடுத்தார்.

(இவரை வில்லியாக்கப் பார்த்தேன். என் மகள் ஞானஸ்நானத்துக்குப் பன்றி வறுத்துக் கொடுத்த கை. மனசு வரவில்லை.)

3

மாப்பிள்ளை ஆர்நெல் ரொட்டித் தெரு அணியின் நட்சத்திரம். ரொசெல் மீன் தெருப் பெண். அவள் அண்ணன் டான்டோய்தான் எதிரணித் தலைவன்.

"தலைவரம்மா, என் கல்யாணத்தை நடுரோட்டுலயா வெக்கிறது?"

"அழாதடி தங்கம். ரெண்டையும் சேத்தே நடத்திருவோம். இடைவேளைல கேக் வெட்டு!"

அப்படியே நடந்தது. மணப்பெண்ணின் நாற்காலியை நடுக்கோட்டுக்கு நேரே போட்டார்கள்.

"மோதிரம் மாட்டியாச்சு, இனி அவ எங்க தெரு!"

"போய்யா, ரத்தம் எங்க ரத்தம்!"

ரொசெல் பூச்செண்டைப் பிசைந்துகொண்டிருந்தாள். யாருக்குக் கைதட்டினாலும் இன்னொரு தெரு ஆயுசுக்கும் சொல்லிக்காட்டும். பாவம்.

4

முடிவு ஒன்று: ஆர்நெல் வேண்டுமென்றே தவறவிட... சீ, சினிமா.

முடிவு இரண்டு: பந்து கேக்கில் விழுகிறது. சிரிப்பு வரும். ஆனால் கேக் என் மனைவி செய்தது, நான் வீட்டுக்குப் போக வேண்டும்.

5

நடந்தது இது. சமநிலை. கடைசி வீச்சு. பந்து ஆர்நெல் கையில், எதிரே கை விரித்த மச்சான். வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்து ரொசெல் நாற்காலிமேல் ஏறினாள். ஒரே ஒரு பெயரைத் தொண்டை கிழியக் கத்தினாள். பந்து கிளம்பியது.

அப்புறம் ஒரே ஆட்டம்தான். இரண்டு தெருவும் கட்டிப்பிடித்து ஆடியது, நானும் ஆடினேன், அவ்வளவு சந்தோஷம். கோப்பை யாருக்கு என்று இன்று எவனும் கேட்பதில்லை. எந்தப் பெயர் என்பதற்குத்தான் சண்டை. ரொசெலைக் கேட்டால் சிரிக்கிறாள்.

எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஆனால் நான் இரண்டு தெருவிலும் சாப்பிடுகிறவன். நீங்கள் வெளியூர், உங்களுக்கென்ன பயம்? இந்தாருங்கள், எழுதிவிடுங்கள். அவள் கத்திய பெயர்: